ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள்: கலிஃபோர்னியா சன்னிவேல் பக்கத்தில் காட்டுப்பூ பார்க்க எந்த ட்ரெயில்?

1. பெரியகுளத்தான்

வணக்கம் நண்பர்களே. அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், மே கடைசி வரை இருப்பார்கள். கோல்டன் கேட், ஸ்டான்ஃபோர்டு, லிவர்மோர் கோயில் எல்லாம் போய் வந்தாயிற்று. மால் இரண்டு பேருக்குமே ஒட்டவில்லை. 280ல் போகும்போது ஓரத்து மேட்டில் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு "நிறுத்துப்பா, இறங்கிப் பார்த்துட்டுப் போலாம்" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். ஃப்ரீவேயில் எங்கே நிறுத்துவது?

அப்பா தோட்டம் வைத்து விவசாயம் பார்த்தவர், எவ்வளவு தூரமும் நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளமாக இருந்தால் ஒரு மணி நேரம் மெதுவாக நடப்பார், ஏற்றம் ஆகாது. மகளுக்கு 5 வயது. பக்கத்தில் எங்கே போகலாம், எந்த வாரம் நன்றாக இருக்கும், எதற்கெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2. நெடுஞ்சாலை

பாஸ், அவங்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, பெருசாவே காட்டிடுங்க. தெற்கே ஆன்டிலோப் வேலி பாப்பி ரிசர்வ் (அம்மா பார்த்த ஆரஞ்சுப் பூதான் பாப்பி), இல்லேன்னா கரிஸோ ப்ளெய்ன்னு ஒரு பெரிய புல்வெளி. 2019லயும் 2023லயும் கரிஸோவுல பூத்தது சாட்டிலைட் படத்துலயே தெரிஞ்சுது. கண்ணுக்கு எட்டுன தூரம் மஞ்சள், அதுக்குப் பின்னாடி டெம்ப்ளர் ரேஞ்ச் மலை முழுக்க மஞ்சள், ஊதா, ஆரஞ்சுன்னு பட்டை பட்டையா. அந்த இடத்துல நின்னா பேச்சு வராது. என் மாமியார் அங்கே கையெடுத்துக் கும்பிட்டாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. பாப்பி ரிசர்வுல மாநிலப் பூங்கா ஒரு நேரலை கேமரா வெச்சிருக்காங்க, வீட்டுல இருந்தே பூத்திருக்கா இல்லையான்னு பார்த்துக்கலாம். அப்புறம் தியோடர் பெய்ன் அறக்கட்டளையோட காட்டுப்பூ ஹாட்லைன் இருக்கு. மார்ச்லேர்ந்து மே வரைக்கும் வாரா வாரம் தென் கலிஃபோர்னியாவுல எங்கே என்ன பூத்திருக்குன்னு சொல்லுவாங்க. கரிஸோவுக்குள்ள பெட்ரோல், தண்ணி, சாப்பாடு எதுவுமே கிடையாது. டாங்க்கை ரொப்பிட்டுப் போங்க. மழை பெய்ஞ்ச மறுநாள் போகாதீங்க, சோடா லேக் ரோடு களிமண் சேறாயிடும்.

3. மலைமுகடு

நெடுஞ்சாலை சொன்ன இடங்கள் அருமையானவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முழங்கால் வலியுள்ள அம்மாவையும் ஐந்து வயதுக் குழந்தையையும் நாலைந்து மணி நேரம் காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. சன்னிவேலிலிருந்து அரை மணி நேரத்துக்குள் எட்ஜ்வுட் இருக்கிறது. அங்கே தன்னார்வலராகப் பல வருடமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரெட்வுட் சிட்டியில், 280ல் எட்ஜ்வுட் ரோடு எக்ஸிட். மொத்தமே 467 ஏக்கர்தான். ஒரு காலத்தில் அங்கே கோல்ஃப் மைதானம் போட ஏற்பாடு நடந்தது. செடிகளை நேசித்த உள்ளூர்க்காரர்கள் வருடக்கணக்கில் போராடி அதை நிறுத்தினார்கள். 1993ல் கவுண்டி அதை இயற்கைப் பாதுகாப்பு இடமாக அறிவித்தது. சான் மேட்டியோ தார்ன்மின்ட் என்ற சின்னச் செடிக்கு இயற்கையாக மிஞ்சியிருக்கும் இடம் உலகத்திலேயே இந்தப் பூங்கா ஒன்றுதான். அந்த மைதானம் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அங்கே ஏன் இவ்வளவு பூ என்பதை உங்கள் அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், மண்ணைத் தெரிந்தவருக்குப் பிடிக்கும். அந்தச் சரிவின் அடியில் இருப்பது செர்பன்டைன் என்ற பச்சைக் கல். வழவழப்பாக, நீலம் கலந்த பச்சையில் பாதையோரமே நீட்டிக்கொண்டிருக்கும். 1965 முதல் கலிஃபோர்னியாவின் மாநிலக் கல் அது. அது உதிர்ந்து உண்டாகும் மண்ணில் மெக்னீசியம் கூடுதல், கால்சியம் குறைவு, நைட்ரஜன் மிகக் குறைவு, போதாததற்கு நிக்கலும் குரோமியமும் உண்டு. எந்த விவசாயியும் வேண்டாம் என்பான். 1769க்குப் பிறகு ஸ்பானியர்கள் ஆடுமாடுகளோடு இங்கே குடியேறியபோது கூடவே ஐரோப்பியப் புல்லும் வந்தது: காட்டு ஓட்ஸ், ரைகிராஸ், இன்னும் பல. இன்று மார்ச்சில் பச்சையாகவும் ஜூனில் பொன்னிறமாகவும் நாம் பார்த்து ரசிக்கும் குன்றுகளில் பெரும்பகுதி அந்த வந்தேறிப் புல்தான். அது இடுப்பளவு வளர்ந்து வெயிலை மறைத்துவிட்டால் விரலளவுப் பூச்செடி எப்படிப் பிழைக்கும்? செர்பன்டைன் மண்ணில் மட்டும் அந்தப் புல்லால் தலையெடுக்க முடியவில்லை. அதனால் இந்த நிலத்தின் பழைய பூக்கள் அங்கே தப்பிப் பிழைத்தன.

என்னவெல்லாம் பார்க்கலாம்? கோல்ட்ஃபீல்ட்ஸ், தரையோடு தரையாக மஞ்சள். டைடி டிப்ஸ், மஞ்சள் இதழின் நுனியில் மட்டும் சுத்தமான வெள்ளை. க்ரீம் கப்ஸ். இளஞ்சிவப்பில் ஔல்ஸ் க்ளோவர். தன் உணவைத் தானே தயாரித்துக்கொண்டே பக்கத்துச் செடியின் வேரிலும் வாய் வைக்கும் அரை ஒட்டுண்ணி அது. பிறகு பாப்பி, லூபின். லூபினைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நீலப் பூவின் மேல் இதழில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். மகரந்தம் சேர்ந்து முடிந்ததும் அந்தப் பொட்டு சிவந்த ஊதாவாகிவிடும். ஒரே கதிரில் கீழே சிவந்த பொட்டு, மேலே வெள்ளைப் பொட்டு. தேனீ வெள்ளைப் பொட்டுள்ளதைத்தான் தேடிப்போகும். அந்தக் கதிர் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மகளே கண்டுபிடித்துவிடுவாள்.

மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் பாதி நல்ல நேரம். மழையைப் பொறுத்து ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும். அம்மாவுக்காகப் பிரதான வாசலில் நுழையாதீர்கள், அங்கிருந்து ஓக் மரக்காட்டு வழியாக ஏற வேண்டும். கன்யாடா ரோடு பக்கத்து க்ளார்க்கியா நுழைவில் வந்தால் புல்வெளி கிட்டத்திலேயே வந்துவிடும், ஏற்றமும் குறைவு. நாய்க்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. பூக்காலத்தில் வார இறுதிகளில் காலை 10 மணிக்குத் தன்னார்வலர்கள் இலவசமாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நாள், இடம் எல்லாம் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எட்ஜ்வுட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பெரியகுளத்தான்

ரொம்ப நன்றி அக்கா. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றே தெரியாது. வெயிலுக்கு முன்னால் எட்டு மணிக்கே போய்விட்டு வந்துவிடலாமா? அப்பாவுக்கு விடிந்ததும் நடந்துதான் பழக்கம்.

5. மலைமுகடு

எட்டு மணிக்குப் போனால் பாப்பி எல்லாம் சுருட்டிக்கொண்டு நிற்கும். அது வெயில் ஏறினால்தான் விரியும், பத்து மணி போல. மாலை நாலுக்கு மேல் மறுபடி மூட ஆரம்பிக்கும். மேகம் போட்ட நாளிலும், குளிர்காற்று அடிக்கிற நாளிலும் திறக்கவே திறக்காது. வெயிலுள்ள நாளாகப் பார்த்துப் பத்தரைக்குப் போங்கள். மொட்டைக் கவனியுங்கள். கூம்பு வடிவத்தில் பச்சைத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கும், விரியும்போது இதழ் அதை அப்படியே மேலே தள்ளிக் கழற்றிவிடும். கழன்ற தொப்பிகள் செடிக்கடியில் கிடக்கும், மகள் பொறுக்கிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டும்.

6. ஃப்ரீமான்ட்வாசி

அம்மாவுக்குச் சமதளம் வேண்டும் என்றால் சுனோல். 680ல் கலவெராஸ் ரோடு வழியாக உள்ளே போகணும். கேம்ப் ஓலோனி ரோடு என்று அகலமான மண்சாலை, ஓடையை ஒட்டியே போகும். லிட்டில் யோசெமிட்டி என்கிற பாறை இடுக்கு வரை நடந்தால் போதும். மழை பெய்த வருடமானால் ஏப்ரலில் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே நடக்கலாம். இரண்டு பக்கச் சரிவிலும் பாப்பி, லூபின், ஃபிடில்நெக். அப்பாவுக்கு நடை போதாது என்றால் ஃப்ளாக் ஹில் ஏறட்டும். செங்குத்து, ஆனால் மேலே போனால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் மவுண்ட் டியாப்லோவின் மிட்செல் கேன்யனும் நன்றாக இருக்கும். க்ளேட்டன் ஊர்ப் பக்கம் நுழைவு, பார்க்கிங் கட்டணம் உண்டு. டியாப்லோ ஃபேரி லான்டர்ன் என்கிற மஞ்சள் பூ அந்த மலையிலும் சுற்றுவட்டாரத்திலும்தான். மூன்று இதழும் ஒன்றோடொன்று மூடி, தலை கவிழ்ந்து தொங்கும். ஓரத்தில் மெல்லிசாக ரோமம் இருக்கும். நிழலுள்ள சரிவில் தேட வேண்டும். 1936க்குப் பிறகு யாருமே பார்க்காமல் அழிந்துபோனது என்று நினைத்திருந்த டியாப்லோ பக்வீட் 2005ல் கிடைத்ததும் இதே மலையில்தான்.

2013ல் அங்கே பெரிய தீ. அடுத்த வசந்தத்தில் கருகிய சரிவு முழுக்கப் பூ. சில விதைகள் புகையும் சாம்பலும் பட்டால்தான் முளைக்குமாம், வருடக்கணக்காக மண்ணுக்குள் காத்துக்கிடந்தவை. அந்த வருடம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

7. கத்தரிப்பூ

குழந்தையோட போறவங்களுக்கு நான் ஒண்ணு சொல்லியே ஆகணும். பாய்சன் ஓக்! சுனோல், மிட்செல் கேன்யன், எட்ஜ்வுட்டோட மரக்காட்டுப் பகுதி, எல்லா இடத்துலயும் இருக்கு. மூணு மூணா இலை, வசந்தத்துல துளிர் சிவப்பா பளபளன்னு ரொம்ப அழகா இருக்கும், குழந்தைங்க கை தானா போகும். புதரா இருக்கும், மரத்துல கொடியாவும் ஏறும். இலை உதிர்ந்த வெறும் குச்சியிலயும் அதே எண்ணெய் இருக்கு.

ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறதுன்னா, சேராங்கொட்டைன்னு சொல்லுங்க, உடனே விலகி நடப்பாங்க. வண்ணார் துணிக்குக் குறி போடுவாங்களே, அதே குடும்பம். மாமரமும் முந்திரியும்கூட அதே குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டா வாயோரம் பொத்துப்போறவங்க இதுகிட்ட இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். பட்டுடுச்சுன்னு தெரிஞ்சா சீக்கிரமா சோப்பு போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவணும். அரிப்பு அப்பவே வராது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியும். ஷூ, ஷூ லேஸ், ட்ரெக்கிங் குச்சி, நாயோட ரோமம் எல்லாத்துலயும் எண்ணெய் ஒட்டிட்டு வீட்டுக்கு வரும். துணியைத் தனியாத் துவைங்க.

அடுத்தது உண்ணி. வசந்தம்தான் அதுக்கும் சீசன். வெளிர் நிறத்துல முழு பேன்ட், சாக்ஸுக்குள்ள சொருகிவிடுங்க. வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்குக் காது பின்னாடி, அக்குள், இடுப்பு எலாஸ்டிக் இருக்கிற இடம் எல்லாம் பாருங்க. ஒட்டியிருந்தா ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும். எண்ணெய் தடவுறது, நெருப்பால சுடுறது எல்லாம் கூடாது. உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் இங்கேயும் இருக்கு. கடிச்ச இடத்துல சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க.

வெயில் ஏறினா பாதையில ரேட்டில் ஸ்நேக் படுத்திருக்கலாம். விரியன் ஜாதி. பார்த்தா நின்னுடணும், பின்னாடி நகர்ந்து வழி விட்டா அது பாட்டுக்குப் போயிடும். அம்மாவைப் பாறை இடுக்குல கை வெச்சு உட்கார விடாதீங்க.

8. ஊர்க்குருவி

நல்ல இழை. நான் படம் எடுக்கிறவன். இங்கே யாருமே படத்தைப் பத்திப் பேசலை, பெத்தவங்களுக்கு அதுதானே கடைசி வரைக்கும் நிக்கப்போகுது. பூவுக்கு நடுவுல உட்கார வெச்சு எடுத்தா வர்ற படமே வேற. பூ இல்லாம வெறும் மண்ணா இருக்கிற இடமாப் பார்த்து நாலு அடி உள்ளே போனா என்ன கெட்டுப்போகும்? ஒருத்தர் ரெண்டு பேர் போறதால மலை தேயாது. அதோட ஃப்ரீமான்ட்வாசி, அந்த ஃபேரி லான்டர்ன் சரியா எந்த வளைவுல இருக்கு? லொகேஷன் பின் போட்டுவிட்டா எல்லாருக்கும் உதவியா இருக்கும்.

9. ஃப்ரீமான்ட்வாசி

பின் போட மாட்டேன், மன்னிக்கவும். மிட்செல் கேன்யனில் நிழலான சரிவைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தால் தானாகக் கண்ணில் படும். ஐநேச்சுரலிஸ்ட் செயலிகூட அழியும் நிலையில் உள்ள செடிகளின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. அதற்குக் காரணம் உண்டு. கிழங்கைத் தோண்டி எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

10. மலைமுகடு

ஊர்க்குருவி, வெறும் மண் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் வெறும் மண் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை ஒரு வருடச் செடிகள். முதல் மழையில் முளைத்து, வசந்தத்தில் பூத்து, கோடைக்குள் விதை போட்டுச் சாக வேண்டும். மொத்த வாழ்க்கையும் சில மாதம். இன்று பூத்திருப்பதன் பக்கத்திலேயே இரண்டு வாரம் கழித்துப் பூக்க வேண்டியது நகத்தளவு இலையோடு இருக்கும், மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. விதை போடுவதற்குள் மிதித்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு அங்கே விதை இல்லை. மண் இறுகிவிட்டால் தண்ணீரும் இறங்காது. ஒருவர் போன தடம் தெரிந்தால் அடுத்தவர் அதைப் பாதை என்று நினைத்துப் போவார். ஒரு சனிக்கிழமை மதியத்தில் புதுப்பாதை விழுந்துவிடுவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன்.

2019ல் தெற்கே லேக் எல்சினோரில், வாக்கர் கேன்யனில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். சின்ன ஊர், ஃப்ரீவே ஓரத்து மலை, படம் எடுக்க வந்த கூட்டம். மலைச்சரிவெல்லாம் தடம். ஊர் நிர்வாகம் வழியை மூடவேண்டி வந்தது. 2023ல் நல்ல பூ வந்த வருடத்தில் முன்கூட்டியே மூடிவிட்டார்கள், பொதுமக்களுக்கு அனுமதியே இல்லை. அந்த நிலைமை நம் பக்கத்து மலைகளுக்கு வரக்கூடாது.

படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதையிலேயே அம்மாவை நிறுத்தி, நீங்கள் பாதையிலேயே சில அடி பின்னால் போய், கேமராவைப் பூ உயரத்துக்கு இறக்கி எடுங்கள். பாதையோரப் பூ முன்னால் நிறையும், சரிவு பின்னால் நிறையும். பார்க்கிறவர்களுக்குப் பூவுக்கு நடுவில் நிற்பது போலத்தான் இருக்கும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

11. ஊர்க்குருவி

ரெண்டு வாரம் கழிச்சு பூக்கப்போறது அங்கேயே இருக்கும்னு நீங்க சொன்னது எனக்குப் புதுசு. சரி அக்கா, பாதையை விட்டு இறங்கலை. பின் விஷயத்துல மட்டும் எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை. தெரிஞ்சவங்க மட்டும் பார்க்கணும், புதுசா வர்றவங்க தேடிக்கணும்னா எப்படி? கிழங்கு திருடுறவனுக்குத் தேடத் தெரியும். முழங்கால் வலியோட வர்ற அம்மாவுக்குத் தேட முடியாது.

12. மலைமுகடு

நியாயமான கேள்வி. அதற்குத்தான் கூட்டிப்போகும் நடைகள். வருகிறவருக்குப் பக்கத்தில் நின்று காட்ட எங்களுக்கு ஆசைதான். நேரில் வந்து கேட்கிறவர் யாருக்கும் மறைத்ததில்லை. இணையத்தில் போட்ட பின் மட்டும் யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது.

13. நெடுஞ்சாலை

எல்லாம் சரி, ஆனா ஒண்ணை ஒத்துக்கணும். எட்ஜ்வுட்டுல இருக்கிறது துண்டு துண்டாதான். கரிஸோவுல பார்க்கிறது அடிவானம் வரைக்கும். இந்த மாநிலத்தோட சமவெளி எல்லாம் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்திருக்கு, இப்போ மிஞ்சியிருக்கிறது அங்கேதான். அதை ஒரு தடவையாவது பார்க்காம இங்கே பக்கத்துலயே சுத்திட்டிருந்தா எதை இழந்தோம்னே தெரியாது. தூரமா இருக்குன்னு விட்டுடாதீங்கன்னுதான் சொல்றேன். முழங்கால் வலிக்கு ஒரு நாள் பேஸோ ரோபிள்ஸ்ல தங்கிட்டுப் போகலாம்.

14. மலைமுகடு

கரிஸோவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், எதை இழந்தோம் என்பது அங்கே போனால்தான் புரியும். ஆனால் அந்தப் பூவெள்ளம் எல்லா வருடமும் வராது. மழை சரியான இடைவெளியில், சரியான மாதங்களில் விழ வேண்டும். வந்த வருடமும் சில வாரம்தான். பெற்றோர் வந்திருக்கும் வருடத்தில் வரும் என்று எப்படிச் சொல்வது? பக்கத்துச் சரிவுக்குப் பிப்ரவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை, மேயில் ஒரு முறை போகலாம். ஒவ்வொரு முறையும் வேறு பூ. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் எது குறைகிறது, எது புதிதாக நுழைகிறது என்று தெரியும். இந்த மலைகளைக் காப்பாற்றியவர்கள் எல்லாம் அப்படிப் பக்கத்திலேயே சுற்றியவர்கள்தான்.

15. வரப்பு

குறுக்கே ஒரு கேள்வி. நான் சான் ஹோஸே தெற்கே இருக்கிறேன். 2023ல் திறந்த கயோட்டி ரிட்ஜுக்குப் போனேன், 101 ஃப்ரீவேக்குப் பக்கத்தில். மேலே ஏறினால் செர்பன்டைன் சரிவு முழுக்கப் பூ, அதற்கு நடுவில் மாடு மேய்கிறது. நம்மைப் பாதையை விட்டு இறங்காதே என்கிறார்கள், நாலு கால் மாட்டை மட்டும் விட்டிருக்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

16. மலைமுகடு

இதைக் கேட்டதற்கு நன்றி. மாட்டை எடுத்துவிட்டால் அந்தப் பூ போய்விடும். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இது நடந்து பார்த்த விஷயம்.

அந்த மண்ணில் நைட்ரஜன் இல்லாததால்தான் வந்தேறிப் புல் வளரவில்லை என்று மேலே சொன்னேன். இப்போது 101லும் 280லும் ஓடும் லட்சக்கணக்கான வண்டிகளின் புகையிலிருந்து நைட்ரஜன் காற்றில் கலந்து அந்தச் சரிவில் படிகிறது. ஓயாமல் மேலிருந்து யூரியா தூவுகிற மாதிரி. ஏழை மண் கொழுக்கிறது, இத்தாலியன் ரைகிராஸ் உள்ளே வருகிறது, பூ அமுங்கிப்போகிறது. ஸ்டூவர்ட் வைஸ் என்ற சூழலியலாளர் 1999ல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். மாடு மேய்ச்சலை நிறுத்திய நிலங்களில் புல் மூடிவிட்டது, மேய்ச்சல் தொடர்ந்த இடத்தில் பூ தங்கியது. மாடு முதலில் புல்லைத்தான் தின்னும்.

பூவோடு போனது ஒரு பட்டாம்பூச்சியும்தான். பே செக்கர்ஸ்பாட், சிவப்பும் கறுப்பும் வெளிர் மஞ்சளும் கட்டம் கட்டமாக இருக்கும் சின்னப் பூச்சி. அதன் புழுவுக்கு முக்கிய உணவு செர்பன்டைன் சரிவில் வளரும் ப்ளான்டைன் என்கிற குட்டிச் செடி, நம் ஊர் இசப்கோல் ஜாதி. 1987ல் மத்திய அரசு அதை ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. ஸ்டான்ஃபோர்டின் ஜாஸ்பர் ரிட்ஜில் 1960 முதல் ஆராயப்பட்டுவந்த பட்டாம்பூச்சிக் கூட்டம் 1990களின் கடைசியில் முற்றிலும் அழிந்தது. எட்ஜ்வுட்டில் 2002 வாக்கில் போய்விட்டது, அதுவும் 280 ஓரத்துப் புல்வெளியில். அங்கே மாடு இல்லாததால் சரியான நேரம் பார்த்துப் புல்லை வெட்டுகிறார்கள். ரைகிராஸ் விதை முற்றுவதற்கு முன், ப்ளான்டைன் விதை போட்ட பின். அந்தச் சில நாளைத் தவறவிடக்கூடாது. பிறகு கயோட்டி ரிட்ஜிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள், 2007ல் முதல் முறை, 2011 முதல் மறுபடியும். மார்ச், ஏப்ரலில் வெயிலான மதியம் போனால் பறப்பதைப் பார்க்க வாய்ப்புண்டு.

நீங்கள் பார்த்த மாடு அந்தப் பட்டாம்பூச்சிக்காக மேய்கிறது. மாடு எத்தனை, எப்போது என்று கணக்குப் பார்த்துத்தான் விடுகிறார்கள். நம் காலுக்கு அந்தக் கணக்கு இல்லை.

17. வரப்பு

புரிந்தது. இதை அங்கே ஒரு பலகையில் எழுதி வைத்தால் இன்னும் நாலு பேர் கோபப்படாமல் போவார்கள். அடுத்த முறை நண்பர்களைக் கூட்டிப்போகும்போது நானே சொல்கிறேன்.

18. பெரியகுளத்தான்

சனிக்கிழமை எட்ஜ்வுட் போய்விட்டு வந்தோம். க்ளார்க்கியா நுழைவு, பத்து மணி நடை. கூட்டிப்போன அம்மா அமெரிக்கர், எழுபதைத் தாண்டியவர். நான் நடுவில் மொழிபெயர்த்தேன், கொஞ்ச நேரத்தில் தேவைப்படவில்லை, அப்பாவும் அவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

அப்பா குனிந்து பச்சைக் கல்லை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இதுல எள்ளுகூட வராது" என்றார். நைட்ரஜன் விஷயத்தைச் சொன்னதும் நின்றுவிட்டார். உரம் போட்டதால் ஒரு செடி அழியும் என்பதை அவரால் சட்டென்று ஏற்க முடியவில்லை. பிறகு அவரே சொன்னார், தோட்டத்தில் யூரியா போட ஆரம்பித்த பிறகு வரப்பில் தும்பையும் குப்பைமேனியும் குறைந்து கோரை ஏறியதாம். அதுவும் இதுவும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா முக்கால் மணி நேரம் நடந்தார், வலி இல்லை. மகள் லூபின் பொட்டைக் கண்டுபிடித்தாள். பாதையோரம் ஊசி மாதிரி நீளமான காய் உள்ள செடி ஒன்று இருந்தது. விதையைப் பிரித்துக் கையில் வைத்தால் காயக் காயத் தானாகத் திருகிச் சுருள்கிறது. அது ஃபிலரீ, வெளியிலிருந்து வந்த களை, எவ்வளவு வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று அந்த அம்மா சொன்னதும் மகளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. ஊர்க்குருவி, பாதையில் நிறுத்திக் கீழிருந்துதான் படம் எடுத்தேன், நன்றாகவே வந்திருக்கிறது.

அம்மாவுக்கு இன்னொரு தடவை போக வேண்டுமாம். மே மாதம் கிளம்புவதற்குள் எங்கே போகலாம்? அதற்குள் எல்லாம் காய்ந்துவிடுமா?

19. கத்தரிப்பூ

படிக்கவே சந்தோஷமா இருக்கு! அந்த ஃபிலரீ விதை சாக்ஸுல குத்திக்கிட்டு வரும், துவைக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. உண்ணி பார்த்தீங்களா?

20. பெரியகுளத்தான்

பார்த்தோம் அக்கா. யாருக்கும் இல்லை.

21. மலைமுகடு

கீழ்ச் சரிவுகள் காயும், மேலே காயாது. மே முதல் இரண்டு வாரத்துக்கு ரஷ்யன் ரிட்ஜ். பேஜ் மில் ரோடு மேலே ஏறி மலைமேல் ஓடும் ஸ்கைலைன் சாலையைத் தொடும் இடத்தில், ஆல்பைன் ரோடு முனையிலேயே வண்டி நிறுத்துமிடம். கட்டணம் கிடையாது. உச்சியில் 2,572 அடி உயரம், கடல் பனி வந்து ஈரம் கொடுப்பதால் பூ தாமதமாக வந்து தாமதமாகப் போகும். பாப்பி, லூபின், ஜானி ஜம்ப் அப் என்கிற மஞ்சள் வயலட் எல்லாம் ஒரே சரிவில் பார்க்கலாம். அம்மா முதல் மேடு வரை வந்தால் போதும், அங்கிருந்தே நன்றாகத் தெரியும். அப்பாவும் நீங்களும் போரல் ஹில் உச்சி வரை போய் வாருங்கள், தெளிவான நாளில் ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் விரிகுடா. காற்று பலமாக அடிக்கும், மே மாதம் என்று நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். பேஜ் மில் ரோட்டில் வளைவுகள் அதிகம், மகளுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் 84ஆம் எண் சாலை வழியாக ஸ்கைலைன் ஏறி வரலாம், சுற்றுதான் ஆனால் பரவாயில்லை.

மே கடைசி என்றால் மறுபடி எட்ஜ்வுட். புல் பழுத்திருக்கும், அதற்கு நடுவில் க்ளார்க்கியா இளஞ்சிவப்பில் வரும். வசந்தத்துக்குக் கடைசிப் பூ அதுதான். மாரிப்போசா லில்லியும் அப்போதுதான். கிண்ணம் போன்ற பூ, உள்ளே எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு இதழிலும் அடர் நிறத்தில் ஒரு கறை. மரக்காட்டு ஓரத்தில் பக்-ஐ (buckeye) மரம் வெள்ளைக் கதிராகப் பூத்திருக்கும், அதன் பூவும் காயும் நஞ்சு, மகள் தொட்டு விளையாட வேண்டாம்.

பத்து மணி நடை ஜூன் வரை உண்டு. அப்பாவிடம் சொல்லுங்கள், பள்ளிப் பிள்ளைகள் வரும் ஒரு நடைக்கு அவர் வந்து அந்தத் தும்பையும் கோரையும் கதையைச் சொன்னால் நான் மொழிபெயர்க்கத் தயார். எந்த நாள் தோதுப்படும் என்று தனிமடலில் எழுதுங்கள்.